பழக்கேக் எத்தனை நாள் தாங்கும்?

டிசம்பர் பிறந்தால் நமது மளிகைக் கடைகளில் பிளம் கேக் வந்து இறங்கிவிடுகிறது. கம்பெனிச் சரக்கு தவிர, அக்கம்பக்கத்து வீடுகளில் செய்து தரும் கேக்கையும் வாங்கி வைக்கும் வணிகர்கள் பலர். புத்தாண்டு கழிந்ததும் மீந்ததை என்ன செய்வது என்பதுதான் சங்கடம். "வைக்க வைக்கத்தான் ருசி, பொங்கல் வரை விற்கலாம்" என்று செய்து தருபவர் சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை.

அந்தப் பேச்சு பிரிட்டிஷ் முறைக் கேக்குக்குப் பொருந்தும். அதில் மாவைப்போல் இரண்டு மூன்று மடங்கு உலர்பழம் சேரும். பழத்தை ரம் அல்லது பிராந்தியில் ஊறவைப்பார்கள். வெந்து ஆறிய கேக்கின்மேல் வாரம் ஒருமுறை இரண்டொரு ஸ்பூன் பிராந்தி விட்டு, பட்டர் பேப்பர் சுற்றி, காற்றுப் புகாத டின்னில் அடைப்பார்கள். அலுமினியத் தாளை நேராகச் சுற்றினால் பழப்புளிப்பு அதை அரித்துவிடும். சர்க்கரையும் மதுவும் பூசணத்தைத் தடுக்கின்றன. பழத்தின் ஈரம் கேக்கெங்கும் பரவும். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மணம் ஒன்று கலக்கும். மதுவின் காட்டம் தணியும். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் நல்ல பதம் வந்துவிடும். அதற்குமேல் ருசி பெரிதாகக் கூடுவதில்லை. கெடாமல் இருக்கிறது, அவ்வளவே.

அந்நாட்டார் மூன்று மாதம் வைப்பது குளிர்ந்த அறையில். 2017-இல் அண்டார்டிகாவின் கேப் அடேர் குடிசையில் நூறாண்டுப் பழக்கேக் ஒன்று கிடைத்தது. ஸ்காட்டின் 1910–13 பயணக் குழுவினர் கொண்டு சென்றதாகக் கருதப்படுகிறது. டின் துருப்பிடித்திருந்தும் கேக் ஏறத்தாழ உண்ணும் பதத்திலேயே இருந்ததாம். அந்தக் குளிர் நமது கிடங்கில் ஏது?

நம்மூரில் பிளம் கேக் என்று வருவதில் பெரும்பாலும் பப்பாளிக்காய் டூட்டி ஃப்ரூட்டியும் கொஞ்சம் கிஸ்மிஸும்தான், மது இராது. அது பழம் போட்ட வெண்ணெய்க் கேக். வைத்தால் காயுமே தவிர ருசி ஏறாது. ரசாயனம் சேர்க்காத வீட்டுச் சரக்கென்றால் வெளியில் ஒரு வாரம், நன்றாகச் சுற்றிக் குளிர்பெட்டியில் இரண்டு வாரம் என்று கணக்கு வைப்பது நலம். மழை ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் இன்னும் குறைவு. மது ஊறிய கேக்கும்கூட நம் வெப்பத்தில் ஒரு மாதத்துக்குமேல் வெளியில் வேண்டாம். பூசணம் வராவிட்டாலும் முந்திரியும் வெண்ணெயும் சிக்கு வாடை அடிக்கும்.

ஆகவே வாங்கும்போதே சுட்ட தேதியையும் மது உண்டா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மது சேர்ந்திருந்தால் வாடிக்கையாளரிடம் சொல்லியே விற்க வேண்டும்; தொடாதவர்கள் பலர் உண்டு. வீட்டில் செய்து விற்பவரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பாக்கெட்டில் தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, முட்டை சேர்ந்ததற்கு அசைவக் குறி அவசியம். ஊறிய கேக் என்று சொல்லி ஸ்டிக்கரை மாற்றி ஒட்டுவது குற்றம். மாட்டினால் கடைக்காரர் பெயர்தான் கெடும். பூசணத்தைச் சுரண்டிவிட்டு மிச்சத்தை விற்பதும் கூடாது. மீந்ததை யார் எடுத்துக்கொள்வது என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

கேக்கைவிட அதற்கான சரக்கில்தான் நமக்கு நிதான லாபம். முறைப்படி பழம் ஊறவைக்கும் குடும்பங்கள் செப்டம்பர், அக்டோபரிலேயே கிஸ்மிஸ், பேரீச்சை, முந்திரி தேடி வருகின்றன. கொள்முதலை டிசம்பருக்குத் தள்ளும் கடைக்கு அவர்கள் வருவதில்லை.