உப்புசத்துக்கு ஆசனம் சரி, இ.எஸ்.ஐ. அட்டை எங்கே?

ஒன்றரை ஷிஃப்ட் முடித்து ராத்திரி வீடு திரும்புகிற திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் மெடிக்கல் ஷாப்பில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, கேஸுக்கு ஏதாச்சும் குடுங்க." கொடுத்துவிடுகிறார்கள். எத்தனை நாளாக இருக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறதா, எடை குறைந்ததா என்று கேட்பாரில்லை. அடுத்த சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அதே ஆள், அதே மாத்திரை. அதுவும் கேட்காமல் போனால் செல்போனில் ஒரு யோகா வீடியோ. பரோட்டா தின்று ஒரு மணி நேரம்கூட ஆகாத வயிற்றை வைத்துக்கொண்டு லைன் வீட்டு வாசலில் கபாலபாதி! இப்படி வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

உப்புசம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். காலையில் வெறும் டீ. பதினோரு மணிக்கு இன்னொரு டீ, கூட ஒரு போண்டா. மதியம் கை கழுவி, டிபன் பாக்ஸ் திறந்து, சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிற அவசரத்தில் சோற்றோடு காற்றும் உள்ளே போகிறது. பிறகு ஓவர்லாக் மெஷின் முன்னால் வயிறு மடிய மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். பெண்கள் பலர் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீர் இல்லாமல், அசைவும் இல்லாமல், வந்த உணர்ச்சியையும் அடக்கினால் மலம் கட்டும். மலம் கட்டினால் வாயு சேரும். இதை எந்த மாத்திரையும் ஒரேயடியாக மாற்றாது.

இந்த மாதிரி உப்புசத்துக்கு மென்மையான ஆசனம் நல்ல துணை. அதற்கு ஸ்டுடியோவோ கட்டணமோ வேண்டாம், ஒரு பாய் போதும். காலையில் எழுந்து, கழிப்பறை போய் வந்து, டீ குடிப்பதற்கு முன்னால் மல்லாந்து படுங்கள். முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, மூச்சு இழுக்கும்போது கை உயருகிறதா, விடும்போது தாழுகிறதா என்று இரண்டு நிமிடம் கவனியுங்கள். பிறகு வலது முழங்காலை மட்டும் இரு கைகளாலும் பிடித்து, வயிற்றை நோக்கி வலிக்காத அளவுக்கு இழுத்து, ஐந்தாறு மூச்சு விடும் வரை இருங்கள். மூச்சை அடக்க வேண்டாம், தலையைத் தூக்க வேண்டாம். அடுத்து இடது கால், அப்புறம் இரண்டும் சேர்த்து. இதுதான் பவனமுக்தாசனம். முடிந்ததும் மடக்கிய முழங்கால்களை மெதுவாக வலப்பக்கமும் இடப்பக்கமும் சாயுங்கள். மொத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. சாப்பிட்ட பிறகு என்றால் கம்பெனி வளாகத்திலேயே மெதுவாக ஒரு நடை போதும். முழங்கால் வலி இல்லாதவர்கள் கொஞ்ச நேரம் வஜ்ராசனத்தில் உட்காரலாம். மற்ற ஆசனங்களுக்குச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது போக வேண்டும்.

கபாலபாதி, நௌலி, மயூராசனம், உப்புத் தண்ணீர் குடித்து வாந்தி எடுப்பது, இவற்றை வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். கர்ப்பிணிகள், சிசேரியனோ வேறு வயிற்று ஆபரேஷனோ ஆனவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் மேலே சொன்ன எளிய ஆசனத்தைக்கூட மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். நேரில் கற்றுக்கொள்ள நினைத்தால் அரசு மருத்துவமனைகளிலேயே யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. தாராபுரம் ரோட்டில் உள்ள திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். சொல்லித் தருபவர் பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா பட்டம்) படித்தவரா என்று கேட்பதில் தப்பில்லை. யோகா தினமான ஜூன் 21 வந்தால் மேடை போட்டு, பேனர் கட்டி, அதிகாரிகள் கை தூக்கிப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஜூன் 22 அன்று தையல் ஹாலில் ஐந்து நிமிடம் எழுந்து நிற்க விடுங்கள் என்று ஒரு முதலாளியிடம் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

ஆசனத்தால் தீராத வயிறு உண்டு. மலத்தில் ரத்தம், தார் மாதிரி கறுத்த மலம், காரணமில்லாத எடைக் குறைவு, விழுங்க முடியாமை, நிற்காத வாந்தி, காய்ச்சலோடு வயிற்று வலி, கண் மஞ்சளாவது என்று எது தெரிந்தாலும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். பெண்களுக்கு, அதுவும் ஐம்பது தாண்டியவர்களுக்கு, இரண்டு மூன்று வாரம் அநேகமாகத் தினமும் வயிறு ஊதி, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிட்டால் சினைப்பையை ஸ்கேனில் பார்த்தே ஆக வேண்டும். புற்றுநோயும் இப்படித்தான் "கேஸ்" வேஷம் போட்டு வரும்.

அதைவிட அவசரமான ஒன்று. மேல்வயிறு அல்லது நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்கல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் சோடா வாங்க ஓடாதீர்கள், ஆசனமும் போடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க 2023-இல் "இதயம் காப்போம்" திட்டம் வந்திருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். மறுபடியும் சொல்கிறேன்: வியர்வையோடு வருகிற "கேஸை" கேஸ் என்று நம்பாதீர்கள்.

சூப்பர்வைசர் கொடுக்கிற மாத்திரை இன்னொரு ஆபத்து. தமிழகத்தின் ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்கு லேபிள் இல்லாத மாத்திரைகளைப் பெண்களுக்குக் கொடுத்து வேலை வாங்கியதை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் அம்பலப்படுத்தியது. அவை வலி நிவாரணிகள். அந்த வகை மாத்திரையை வெறும் வயிற்றில், அடிக்கடி விழுங்கினால் இரைப்பையில் புண் வரும், ரத்தமும் கசியும். பேர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள், பேர் போட்ட மாத்திரை அட்டையைக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் செலவுக்கு எங்கே போவது என்பார்கள். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, அது எதற்கு? அதோடு முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசு காப்பீடு உண்டு. அந்த வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் பணத்தைச் சேர்க்கக் கூடாது. "ஒன்றரை ஷிஃப்ட் போட்டா லிமிட் தாண்டிடும், உனக்கு இ.எஸ்.ஐ. கிடையாது" என்று எந்தக் கணக்குப்பிள்ளை சொன்னாலும் நம்பாதீர்கள். பீஸ் ரேட் டெய்லரும், கான்ட்ராக்டர் மூலம் வந்த கைமடி உதவியாளரும், செக்கிங் பெண்ணும் இதில் அடக்கம். கான்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் கம்பெனிதான் பொறுப்பு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்கும் இதே விதிதான்.

இன்றே செய்ய வேண்டியது: பத்து இலக்க இன்சூரன்ஸ் நம்பரை வாங்குங்கள். உமங் செயலியில் இ.எஸ்.ஐ. பகுதிக்குள் போய், மாதாமாதம் எத்தனை நாளுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சம்பள ஸ்லிப்பில் பிடித்தம் இருக்கிறது, செயலியில் ஒன்றுமில்லை என்றால் அந்த ஸ்லிப்பின் நகலோடு திருப்பூர் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். வாய்வார்த்தைப் புகார் புகாரே இல்லை. கிளையில் அலைக்கழித்தால் கோவை துணை மண்டல அலுவலகம் இருக்கிறது, 1800-11-2526 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. ஆதார் பெயரும் இ.எஸ்.ஐ. பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். குடும்பத்தாரின் பெயர்களைச் சேர்த்துவிடுங்கள். இதை வலி வந்த பிறகு ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று செய்ய முடியாது.

வைத்தியம் டிஸ்பென்சரியில், பணம் கிளை அலுவலகத்தில். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைகிறவர்கள் ஏராளம். முதலில் உங்களுக்கு ஒதுக்கிய டிஸ்பென்சரிக்குப் போங்கள், பெரிய சோதனை வேண்டுமென்றால் அங்கிருந்தே ரெஃபரல் கேளுங்கள். வேலைக்குப் போக முடியாத அளவுக்கு வயிறு படுத்தினால் முதல் நாளே டாக்டரிடம் மருத்துவச் சான்று வாங்கிவிடுங்கள். அந்தச் சான்றை வைத்துத்தான் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது. இந்தப் பணம் வர ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் உதவும். சும்மா லீவு போட்டுப் படுத்துவிட்டு, பத்து நாள் கழித்துச் சான்று கேட்டால் டாக்டர் கையை விரிப்பார். அவசரத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் உடனே இ.எஸ்.ஐ.க்குத் தகவல் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒரிஜினல் பில்களையும் பத்திரப்படுத்துங்கள்.

இனி, உப்புசத்தை உண்டாக்குகிற வேலைச் சூழலுக்கு வருவோம். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு, குடிநீர், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வகுத்துவிட்டது. கழிப்பறைக்குப் போனால் டோக்கன், ரெண்டு நிமிஷம் என்று கணக்குப் போடுகிற கம்பெனி மீது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையின் திருப்பூர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பெயர் வெளியே வந்தால் வேலை போகும் என்று பயந்தால் தொழிற்சங்கத்தின் லெட்டர்பேடில் கொடுங்கள். மனுவில் "வசதி இல்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் எந்த மாடி, எத்தனை பெண்கள், எத்தனை கழிப்பறை, எந்த நேரத்தில் பூட்டுகிறார்கள் என்று எழுதுங்கள், தேதி போடுங்கள்.