மண்டபம் மக்களுக்கே!

ஆவடியிலும் அம்பத்தூரிலும் மின்சார ரயிலேறிச் சென்னை சென்ட்ரலுக்கு வரும் உழைப்பாளித் தோழர்கள் இறங்கும் இடம் எது? மூர் மார்க்கெட் இருந்த இடம்! அங்கே பழைய புத்தகம் வாங்கிப் படித்து முன்னுக்கு வந்த ஏழை மாணவர் எத்தனை பேர்! 1985-இலே அதனைத் தீ தின்றது. புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. புத்தகச் சந்தை போயிற்று.

அதன் அண்டை வீடு தப்பியது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலே, இன்றைய பெரியார் சாலையிலே, ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்திலே செந்நிறக் கோபுரத்தோடு நிற்கிறதே, அந்த விக்டோரியா பொது மண்டபம்! முன்னாளிலே அதற்கு டவுன் ஹால் என்று பெயர்.

"வெள்ளையர் காலத்துக் கட்டிடம், விழுந்தால் விழட்டுமே" என்பாரும் உண்டு. நாம் கேட்கிறோம்: பெயர் மகாராணியுடையது, பணம் யாருடையது? ஊரார் தந்த நன்கொடை. நிலம் யாருடையது? மக்கள் பூங்காவின் ஒரு பகுதி. 1883-இலே அடிக்கல் நாட்டியவர் விஜயநகரம் மன்னர்; வரைந்தவர் சிஷோல்ம்; கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். செங்கல் சுமந்த தோள்களோ நம்மவர் தோள்கள்!

உள்ளே நடந்தது என்ன? 1891-இலே தோன்றிய சுகுண விலாச சபை, பம்மல் சம்பந்தனாரின் தமிழ் நாடகங்களை அங்கே அரங்கேற்றியது. கூத்தாடி என்று ஏளனம் செய்த ஊரிலே, படித்தவரும் அரிதாரம் பூசலாம் என்று காட்டிய மேடை அது! 1897-இலே விவேகானந்தர் முழங்கியதும் அங்கேதான்.

அத்தகைய மண்டபம் குத்தகைத் தகராற்றிலும் வழக்கிலும் சிக்கி, ஆண்டுக்கணக்கிலே பூட்டிக் கிடந்தது. மழை ஒழுகிற்று, மரம் உளுத்தது. பழம்பெரும் கட்டிடங்களைக் காக்க முனைந்தோர் மனுக் கொடுத்தனர், எழுதினர், ஓயாமல் கேட்டனர். சிங்காரச் சென்னை 2.0 திட்டத்திலே, 2023-இலே மாநகராட்சி சீரமைப்பைத் தொடங்கியது. மதிப்பீடு 32.62 கோடி ரூபாய். பாராட்டுகிறோம்!

ஆனால், தோழர்களே, சுவர் மீண்டால் போதுமா? சுவை மீள வேண்டாமா? வாடகை வானளாவினால், வசதி படைத்தோர் விழாக் கூடமாகும் அது. அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளி எழுதிய நாடகத்துக்கு அங்கே இடம் உண்டா? பூவிருந்தவல்லி மாணவன் பேச்சுப் போட்டிக்குப் படியேற முடியுமா? நாடகக் குழுவுக்கும் நூல் நிலையத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் குறைந்த வாடகையிலே ஆண்டுதோறும் இத்தனை நாள் என்று மாநகராட்சி எழுதி வைக்கட்டும்.

ஊர்ப் பணத்தால் எழுந்தது; ஊர்ப் பணத்தால் மீண்டது. ஊருக்கே உரியதாகட்டும்!