மனநோய்க்கு துஆவும் வேண்டும், மருத்துவமும் வேண்டும்

காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் நாம் யாரிடமும் யோசனை கேட்பதில்லை, நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். சர்க்கரை கூடினால் மாத்திரை போடுகிறோம். அதே வீட்டில் ஒரு பிள்ளை மூன்று மாதமாகச் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே கிடந்தால் மட்டும் பேச்சு வேறு மாதிரி போகிறது. "ஒழுங்காகத் தொழுதால் எல்லாம் சரியாகிவிடும்", "கண்ணேறு பட்டிருக்கும்", "கல்யாணம் பண்ணி வைத்தால் தெளிந்துவிடுவான்", "வெளியே தெரிந்தால் தங்கச்சிக்கு வரன் வராது". இப்படியே மாதங்கள் ஓடி, நோய் முற்றிய பிறகுதான் மருத்துவரைத் தேடுகிறோம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. பெரியவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் தேவையான சிகிச்சை பெறாமல் இருந்தார்கள். நமது புதுச்சேரியின் நிலை இன்னும் கவலை தருவது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலையால் இறந்தார்கள். புதுச்சேரியில் அது 29.7. இந்தக் கணக்கில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள். நம் வீடுகளுக்கு இதில் பங்கில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஏர்வாடி சொல்லும் பாடம்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு மனநோயாளிகள் காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள்.

அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தினர்தான். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், பிற சமயத்தவரும் இருந்தார்கள். தர்காவில் தங்கினால், அங்குள்ள தண்ணீரையும் விளக்கு எண்ணெயையும் பயன்படுத்தினால் குணமாகும் என்ற நம்பிக்கையில் வந்தவர்கள். அந்த நம்பிக்கையை வைத்துப் பலர் சுற்றிலும் காப்பகங்களைத் தொழிலாக நடத்தினார்கள். அங்கே மருத்துவரோ முறையான சிகிச்சையோ இல்லை. விபத்து நடந்த ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு 500க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

தர்காவுக்குப் போகலாமா கூடாதா என்ற விவாதம் வேறு. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வோம். ஏர்வாடி நமக்குக் காட்டியது இதுதான்: மருத்துவத்தின் இடத்தில் வேறொன்றை வைத்தபோது, அன்பாக வளர்த்த பிள்ளையைச் சங்கிலியில் விட்டுவிட்டு வரும் அளவுக்குக் குடும்பங்கள் கைவிடப்பட்டிருந்தன.

இந்த விபத்துக்குப் பிறகு வந்த மாற்றம் ஒன்றும் கவனிக்கத்தக்கது. குஜராத் மாநிலம் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் 2008இல் 'தவா - துஆ' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. தவா என்றால் மருந்து. தர்காவுக்கு வருபவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவரும் கிடைக்கும்படி செய்தார்கள். பிரார்த்தனையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பின்னர் தமிழ்நாடு அரசு ஏர்வாடியிலும் இதே முறையில் மனநல மருத்துவ சேவையைக் கொண்டுவந்தது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

மனம் சோர்வது ஈமான் குறைந்ததன் அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள். யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்களே வெளுத்துப் போயின என்று குர்ஆன் கூறுகிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டை வரலாற்றாசிரியர்கள் 'துக்க ஆண்டு' என்றே பெயரிட்டு எழுதினார்கள். இறைத்தூதர்களுக்கே துக்கம் வந்திருக்கிறது. கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடும் துஆவை நபி (ஸல்) அவர்கள் ஓதி வந்ததாக புகாரியில் இடம்பெற்றுள்ளது.

அல்லாஹ் நோயை இறக்கியபோது அதற்கான நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்றும், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதில் உடல் நோய், மன நோய் என்று பிரித்துச் சொல்லப்படவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டு என்ற நபிமொழியும் நமக்குத் தெரிந்ததுதான்.

நம் முன்னோர்கள் அப்படித்தான் நடந்தார்கள். கி.பி. 850 முதல் 934 வரை வாழ்ந்த அபூ ஸைத் அல்-பல்கி, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். கோபம், பயம், துக்கம், விடாமல் துரத்தும் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக விளக்கினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே புரியாமல் வரும் துக்கம் வேறு என்றும் பிரித்தார். டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீன் மருத்துவமனையும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூனின் மருத்துவமனையும் எழுந்தன. பீமாரிஸ்தான் எனப்பட்ட இந்த மருத்துவமனைகளில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. இந்த மரபில் வந்த நாம் மனநோயாளியை வீட்டின் பின்கட்டில் ஒளித்து வைப்பது பொருத்தமில்லை.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

துக்கம் எல்லோருக்கும் வரும். மய்யித் விழுந்த வீட்டில் அழுகை இருக்கும், தேர்வில் தோற்ற பிள்ளை சில நாள் முகம் கொடுக்காமல் இருப்பான். இவை நோய் இல்லை. கீழே உள்ளவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, அன்றாட வேலையைக் கெடுத்தாலோ தாமதிக்க வேண்டாம்.

• தூக்கமும் பசியும் கெடுவது, எதிலும் ஆர்வம் இல்லாமல் போவது, காரணமின்றி அழுவது.
• நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, இப்போதே இறந்துவிடுவோம் என்ற பயம் அடிக்கடி வருவது. இதயப் பரிசோதனையில் கோளாறு இல்லை என்று வந்த பிறகும் இது தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.
• உளூ சரியாகச் செய்தோமா என்று பத்து முறை திரும்பத் திரும்பச் செய்வது, தொழுகையை முடிக்க முடியாமல் தவிப்பது, கைகளைத் தோல் உரியும்வரை கழுவுவது. வஸ்வாஸ் என்று நாம் கடந்துபோகும் இது, ஓ.சி.டி. என்ற நோயாக இருக்கலாம். மருந்தும் பயிற்சியும் நல்ல பலன் தரும்.
• யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பது, குடும்பத்தாரே தனக்கு விஷம் வைப்பதாகச் சந்தேகிப்பது, தனக்குத்தானே பேசிக்கொள்வது.
• பல நாள் தூங்காமலேயே அளவுக்கு மீறிய உற்சாகம், கண்மண் தெரியாத செலவு, பெரிய பெரிய திட்டங்கள்.
• குடியையோ போதையையோ விட நினைத்தும் விட முடியாமல் இருப்பது.

பிரசவித்த பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பது நாள் வீட்டில் இருக்கும் மகளோ மருமகளோ ஓயாமல் அழுதால், குழந்தையைத் தூக்கவே மனமில்லை என்றால் அது மகப்பேறுக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். "சோம்பேறி", "பிள்ளை மேல் பாசமில்லாதவள்" என்று பேசுவது நோயைக் கூட்டும். தூக்கமே இல்லாமல், பேச்சு குழம்பி, குழந்தையைப் பற்றி விசித்திரமாகப் பேசினால் அது அவசர நிலை. ஜின் பிடித்திருக்கிறது என்று ஓதிப் பார்த்து நாளைக் கடத்தாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தாயையும் சேயையும் ஒருபோதும் தனியாக விடக்கூடாது.

யாரிடம் போவது, எங்கே போவது?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர் அவர்தான். உளவியல் நிபுணர் பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருவார், மருந்து எழுதமாட்டார். நோய் கடுமையாக இருந்தால் முதலில் மனநல மருத்துவரையே பாருங்கள். என்ன படித்திருக்கிறார் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சுத்துக்கேணியிலோ, வில்லியனூர் சுல்தான்பேட்டையிலோ, பாகூர் பக்கத்திலோ இருக்கும் ஒரு குடும்பம் இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. கோரிமேடு ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியிலும், மதகடிப்பட்டு மணக்குள விநாயகர் மருத்துவக் கல்லூரியிலும் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று புரியவில்லை என்றால் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் சீட்டு எழுதி அனுப்புவார்.

வீட்டை விட்டு வெளியே வரவே தயங்குபவர்களுக்கு தொலைபேசி இருக்கிறது. மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது. எண் 14416. இன்னொரு எண் 1800 891 4416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

முதல் முறை போகும்போது கூடவே இருந்து கவனித்த ஒருவர் உடன் செல்வது நல்லது. எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்பார்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பதற்றத்தில் மறக்காது. தைராய்டு கோளாறு போன்றவையும் மனச்சோர்வு போலவே தோன்றும் என்பதால் இரத்தப் பரிசோதனை எழுதலாம். பெண்கள் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம்.

மருந்து பற்றிய பயம்

"ஒருமுறை ஆரம்பித்தால் ஆயுளுக்கும் விட முடியாது" என்பது பலரின் அச்சம். மனச்சோர்வுக்கான மருந்துகள் போதை தருபவை அல்ல. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். நான்கு நாள் சாப்பிட்டுவிட்டு "கேட்கவில்லை" என்று நிறுத்துவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. பழக்கமாகிவிடக்கூடியவை சில தூக்க, பதற்ற மாத்திரைகள். அதனால்தான் மருத்துவர்கள் அவற்றைக் குறைந்த காலத்துக்கு எழுதுகிறார்கள். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் தொடர்ந்து வாங்கக் கூடாது. சிலருக்குச் சில மாதங்கள் போதும். மனச்சிதைவு, பைபோலார் போன்ற நோய்களுக்கு நீண்ட காலம் தேவைப்படலாம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் சாப்பிடுவது போல. எதுவானாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

ரமலான் நெருங்கும்போது ஒரு மாதத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். பல மருந்துகளின் நேரத்தை இஃப்தார், சஹருக்கு மாற்ற முடியும். லித்தியம் சாப்பிடுபவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு கூடி ஆபத்தாகலாம். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்திருப்பது அல்லாஹ்தான். அதை ஏற்பதில் குற்றவுணர்வு வேண்டாம். மாத்திரையின் கேப்சூல் உறை பற்றிய சந்தேகத்தையும் மருத்துவரிடமே கேளுங்கள். மாற்று வடிவம் இருந்தால் எழுதித் தருவார்.

சட்டம் தரும் உரிமை

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசின் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அது இலவசம். நோயாளியின் விவரத்தை மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது. எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்கு இணையாக மனநோயும் சேர்க்கப்பட வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே சட்டம் கருதுகிறது. எனவே போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து சிகிச்சையைத் தாமதிக்க வேண்டியதில்லை.

குடும்பமும் ஜமாஅத்தும்

சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் "இது ஹராம்" என்று வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் கேளுங்கள். அப்படி நேரடியாகக் கேட்பதால் எண்ணம் கூடிவிடாது. அவரைத் தனியே விடாமல், வீட்டில் உள்ள பூச்சி மருந்து, எலி மருந்து, மாத்திரைகளைப் பூட்டி வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நம் பிள்ளைகளில் சிலர் மனச் சங்கடத்தைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சொல்வதுண்டு. ஆகவே அவரது ஒரு வார்த்தைக்குப் பெரிய பலம் உண்டு. "நான் ஓதுகிறேன், நீங்கள் நாளைக் காலையே டாக்டரைப் பாருங்கள்" என்று அவர் சொன்னால் அத்தாவும் அம்மாவும் தயங்க மாட்டார்கள். ஜும்ஆ பயானில் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைப் பேசலாம். பள்ளி அறிவிப்புப் பலகையில் 14416 என்ற எண்ணை எழுதி வைக்கலாம். பைத்துல்மாலில் இருந்து நோயாளியின் பஸ் செலவையும் மருந்துச் செலவையும் ஏற்கலாம்.

வரன் பேசும்போது நோயை மறைத்துத் திருமணம் முடிப்பது இரண்டு குடும்பத்துக்கும் அநீதி. கல்யாணம் மனநோய்க்கு மருந்து ஆகாது. சிகிச்சை எடுத்து நலமாக இருப்பவர் விஷயத்தில், மருத்துவரின் ஆலோசனையோடு உண்மையைச் சொல்லிச் செய்யும் திருமணமே நிலைக்கும்.

உங்கள் வீட்டில் இப்போது யாராவது இப்படித் தவித்துக்கொண்டிருந்தால், இன்று இஷாவுக்குப் பிறகு அவர் அருகே உட்கார்ந்து "உனக்கு என்னம்மா செய்கிறது?" என்று கேளுங்கள். நாளை மருத்துவரிடம் போக ஒரு நாள் வேலையை விடுங்கள். நிவாரணம் தருபவன் அல்லாஹ், அதைத் தேடிப் போவது நம் கடமை.