ஆள் பாதி, ஆடை பாதி: உடையலங்காரத் தொழில் பற்றிச் சில விவரங்கள்



நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உடை அமைத்துத் தரும் தொழிலைப் படிக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். "தையல் வேலைக்கு எதற்குக் கல்லூரி?" என்று நாம் தட்டிக்கழிக்கிறோம். முடிவு சொல்லுமுன் தொழிலின் தன்மையை அறிவது நல்லது.

இது தையல் வேலை அல்ல. தைப்பவர் வேறு. கதையைப் படித்து, எந்தப் பாத்திரம் எந்தக் காட்சியில் எதை உடுத்தும் என்று பட்டியல் போடுவது, செலவுக்குத் திட்டமிடுவது, துணி கொள்முதல் செய்வது, தையற்காரரிடமும் சாயக்காரரிடமும் வேலை வாங்குவது, இருப்புக் கணக்கு வைப்பது ஆகியவையே உடையலங்கார நிபுணரின் வேலை. பாதிக்குமேல் நம் கடை வேலைதான்.

எங்கள் முசரவாக்கம் பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. காஞ்சிபுரம் வட்டாரத்தில் விடிய விடிய நடக்கும் கட்டைக்கூத்துக்குப் பெயர் வந்ததே நடிகர் அணியும் 'கட்டை' எனும் மர அணிகலன்களால்தான். கிரீடம், புஜக்கட்டை முதலியவற்றை எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டுவார்கள். இரவு வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கும் ராஜ வேடம் பளிச்சென்று தெரியும். இக்கலைஞர்கள் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், புஞ்சை அரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை குருகுலமே நடத்தியது.

மேடை உடை தூரத்துக்கு. சினிமா உடை கிட்டத்துக்கு. பொடிக்கட்டம் போட்ட துணி படத்தில் அதிர்வதுபோல் தெரியும். வெள்ளை வெளேரென்ற துணி கண்ணைக் கூசும். தேயிலைத் தண்ணீரில் நனைத்து மங்கவைப்பார்கள். ஏழையின் உடையென்றால் புதுத்துணியைப் பலமுறை துவைத்து, உரசிப் பழசாக்குவார்கள். சண்டை, மழைக் காட்சிகளுக்கு ஒரே உடை பல செட் வேண்டும். ஆகவே ஒரே சாயத்தில் முழுச் சரக்கும் கேட்பார்கள். நிறம் சிறிது மாறினாலும் திரும்பி வந்துவிடும்.

பானு அத்தையா, 'காந்தி' படத்துக்காக ஜான் மோலோவுடன் சேர்ந்து 1983இல் ஆஸ்கார் பரிசு பெற்றார். அப்பரிசை வென்ற முதல் இந்தியர் அவரே. கோட்டு சூட்டு அணிந்த வழக்கறிஞர் அரைவேட்டி மகாத்மாவாக மாறியதை உடையே சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் 'பரதேசி' படத்துக்காகப் பூர்ணிமா ராமசாமி 2012ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்றார். அதுவும் பட்டுக்கும் ஜரிகைக்கும் அல்ல, தேயிலைத் தோட்டக் கூலிகளின் உடைக்கு.

இதில் இடரும் உண்டு. பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. படத்துக்குப் படம்தான் கூலி. சொந்தப் பணத்தில் துணி வாங்கிவிட்டு வசூலுக்கு அலைவதும் உண்டு. எழுத்து ஒப்பந்தமும் முன்பணமும் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. நாமும் இவர்களுக்குக் கடனில் சரக்குக் கொடுத்தால், தயாரிப்பு நிறுவனத்தின் பெயரில் எழுத்தில் ஆர்டர் வாங்கி, அதே பெயரில் பில் போடுவதே பாதுகாப்பு.

படிக்க விரும்புவோருக்குச் சென்னைத் தரமணியில் 1995 முதல் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. அதற்குமுன் ஒரு கோடை விடுமுறையில் பிள்ளையைத் தையல் கடையிலோ கூத்துக் குழுவிலோ உதவிக்கு விட்டுப் பாருங்கள். இரவுக் கண்விழிப்பையும் கணக்கு நோட்டையும் தாங்கினால், தடுக்காமல் படிக்க வையுங்கள். தொட்டவுடன் சரக்கின் தரம் சொல்லும் கை, நம் கடைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏற்கெனவே உண்டு. அதுவே இத்தொழிலுக்கு முதல் முதலீடு.