ஈட்டி மரமும் எலக்ட்ரிக் கிட்டாரும்

ஒரகடம் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு யமஹா என்றால் பைக்தான். வல்லம் வடகால் சிப்காட்டில் அவர்களுடைய டூவீலர் தொழிற்சாலை இருக்கிறது. அந்த பைக்கில் இருக்கிற சின்னத்தை ஒருமுறை உத்துப் பாருங்க. மூணு இசைக்கவைகள். ஸ்கூல் பிசிக்ஸ் லேப்ல ரப்பர் கட்டையில தட்டி, காது கிட்ட வெச்சுக் கேட்டோமே, அதேதான். 1887ல் ரீட் ஆர்கன் செய்து ஆரம்பித்த கதை அது; மோட்டார் கம்பெனி தனியாகப் பிரிந்தது 1955ல்தான். இசைக்கருவிப் பிரிவும் இப்போ நம்ம பக்கம் வந்தாச்சு. திருப்போரூர் பக்கம் ஒன்ஹப் தொழில் பூங்காவில் கிட்டாரும் கீபோர்டும் தயாராகின்றன.

ஆனா கிட்டாருக்கும் நம்ம ஊருக்கும் உள்ள உறவு இந்தத் தொழிற்சாலையைவிடப் பழசு. அது மரத்து வழியா வந்த உறவு.

பழைய எலக்ட்ரிக் கிட்டார் சேகரிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி: "ஃபிங்கர்போர்டு பிரேசிலியன் ரோஸ்வுட்டா, இந்தியன் ரோஸ்வுட்டா?" ஃபிங்கர்போர்டு என்பது விரலால் கம்பியை அழுத்துகிற அந்த நீளப் பலகை. பிரேசில் என்றால் விலை எகிறும். இந்தியன் என்றால், "ஓ, அப்படியா" என்று சுருதி இறங்கிவிடும். அந்த "இந்தியன் ரோஸ்வுட்" வேறொன்றும் இல்லை, கூடலூர், வயநாடு, ஆனைமலைக் காடுகளில் வளர்கிற நம்ம ஈட்டி மரம். தாவரவியல் பெயர் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. பிரேசில் மரம் இதற்குப் பங்காளி முறை, டால்பெர்ஜியா நைக்ரா.

நம்ம மரம் நிஜமாவே இரண்டாம் தரமா? இதற்குப் பதில் சொல்ல, எலக்ட்ரிக் கிட்டாரில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கணும்.

கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு பாகம் இருக்கும். காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி பருமனுக்குச் செப்புக் கம்பி. ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பிக்கப்பில் ஏறக்குறைய 8,000 சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831ல் ஃபாரடே கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல். மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் காட்டினால் ஒரே நிமிஷத்தில் புரிந்துகொள்வார். மரத்தின் சத்தத்தை பிக்கப் நேரடியாகக் கேட்பதில்லை. கம்பியின் அசைவைத்தான் கேட்கிறது.

ஒற்றைச் சுருளில் ஒரு தொல்லை உண்டு. வீட்டு கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அது சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கிப்சன் கம்பெனியின் இன்ஜினியர் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலைக் கழித்தார். 1955ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957ல் கிட்டாரில் ஏறியது. அதுதான் ஹம்பக்கர். 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் கிட்டார்களில் இருப்பது அதுவே. அந்த மாடல் அப்போது சரியாக விற்கவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு எரிக் கிளாப்டன், ஜிம்மி பேஜ் எல்லாம் கையில் எடுத்ததும் தேட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு விலை கோடிகளில். அந்தக் கால பிக்கப்புகள் எல்லாம் ஒரே அளவாகச் சுற்றப்படவில்லை, காந்தமும் ஒரே ரகம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குரல் இருப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

இன்னொரு உதாரணம். 1969ல் வுட்ஸ்டாக்கில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டே கிடையாது, மேப்பிள். யாராவது குறை சொன்னார்களா?

அப்போ ஈட்டி எப்படி உள்ளே வந்தது? 1960களில் பிரேசில் மரம் கிடைப்பது கஷ்டமானது; மரத்தை முழுசாக ஏற்றுமதி செய்ய அந்த நாடு தடை போட்டது. ஃபெண்டர் 1960களின் நடுவில் மெல்ல இந்திய மரத்துக்கு மாறியது. அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் பேர்போன மார்ட்டின் 1969ல் மாறியது. காரணம் சப்ளை. சத்தத்தைச் சோதித்து யாரும் முடிவு செய்யவில்லை. 1992ல் பிரேசில் ரோஸ்வுட்டின் சர்வதேச வணிகம் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் தடை செய்யப்பட்டது. கிடைக்காத பொருளுக்குத்தானே மவுசு அதிகம்!

சத்தத்தைச் சோதித்தவர்களும் உண்டு. 2018ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆறு அக்கூஸ்டிக் கிட்டார்கள். முதுகு, பக்கப் பலகை மரம் மட்டும் வேறு வேறு. பிரேசிலியன் ரோஸ்வுட்டும் உண்டு, நம்ம ஈட்டியும் உண்டு, மலிவான மரங்களும் உண்டு. எது எது என்று தெரியாதபடி 52 கிட்டார் கலைஞர்கள் வாசித்து மதிப்பெண் போட்டார்கள். பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. மரப்பெட்டியே ஒலிக்கிற அக்கூஸ்டிக்கிலேயே இந்த நிலைமை என்றால், காந்தமும் காயிலும் பேசுகிற எலக்ட்ரிக் கிட்டாரின் ஃபிங்கர்போர்டு மரத்துக்குக் கோடிக் கணக்கில் குரல் வித்தியாசம் எங்கிருந்து வரும்?

அதற்காக மரம் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஈட்டி அடர்த்தியானது, உறுதியானது, இயற்கையான எண்ணெய்ப் பசை உள்ளது. வருஷக்கணக்கில் விரல் தேய்த்தாலும் தாங்கும். தொட்டால் வழவழப்பு. ஃபிங்கர்போர்டுக்கு அருமையான மரம். ஆனா அது உழைப்புக்கும் கைக்கும் சம்பந்தப்பட்ட பெருமை.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? ஈட்டி மெதுவாக வளர்கிற மரம். ஐயூசிஎன் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனம். தமிழ்நாடு 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில், பட்டா நிலத்தில் நிற்கிற ஈட்டியைக்கூட அரசு அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்றது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைகளில் சோதனை போட்டுக் கைப்பற்றியது இந்தியாவிலிருந்து போன ஈட்டி, கருங்காலிப் பலகைகளைத்தான். சுங்கப் பட்டியலில் 6 மில்லிமீட்டர் வரை வெனீர், அதற்கு மேல் அறுத்த மரம். அந்தப் பலகைகள் எந்த வகை என்பதில்தான் வழக்கு. 2012ல் சமரசமாகி இந்திய மரம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2017 ஜனவரி முதல் டால்பெர்ஜியா இனம் முழுவதும் சைட்டிஸ் கட்டுப்பாட்டில் வந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் மரத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

பிரேசில் காடு காலியானதும் நம்ம காட்டுக்கு வந்தார்கள். சத்தம் மரத்தில்தான் என்ற நம்பிக்கை தொடர்ந்தால், நாளைக்கு "பழைய மலபார் ஈட்டி" என்று இதற்கும் அதே மவுசு வரும். கிட்டார் வாங்கப் போகிறீர்களா? கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. பிக்கப் என்ன என்று விசாரிங்க. கழுத்து நேராக இருக்கா, ஃப்ரெட் தேய்ஞ்சிருக்கா என்று பாருங்க. மரத்தின் பெயரைக் கடைசியாகக் கேட்டால் போதும்.