ஹெரால்டுக்கு மறு ஜன்மம்!

கார் கொட்டகையில், உடைந்த தையல் மெஷினுக்கும் பழைய கட்டில் சட்டத்துக்கும் நடுவே ஒரு கார் நிற்கிறது. மாமனார் ஆசையாக வாங்கியது. அவர் காலமான பிறகு யாரும் அதைத் தொடவில்லை. பழைய இரும்புக்காரர் மாதம் ஒரு தரம் வாசலில் வந்து, "என்னம்மா, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். பிள்ளையாண்டானோ, "வேண்டாம்மா, நானே சரி பண்ணி ஓட்டிக் காட்டறேன்" என்று குதிக்கிறான். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்!

அந்தக் கார் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டாக இருந்தால், தீர்ப்பைக் கொஞ்சம் ஒத்திப் போடுங்கள். அதன் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

1959-இல் இங்கிலாந்தில் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் பிறந்த கார் அது. உருவம் வரைந்தவர் மிக்கலாட்டி என்ற இத்தாலியக் கலைஞர். கார் உடல்களைச் செய்து கொடுத்து வந்த பெரிய தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டதால், முழு உடலையும் ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல் போயிற்று. 'போனால் போகட்டும்' என்று உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, கீழே கனமான இரும்புச் சட்டம் ஒன்றை வைத்து, அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கிவிட்டார்கள். நம் வீட்டு டிபன் காரியர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அன்றைக்கு அவர்களுக்கு வந்த சங்கடம், இன்றைக்கு உங்களுக்கு அதிர்ஷ்டம். வீட்டிலேயே ஒவ்வொரு அடுக்காகக் கழற்றிச் சரி செய்து மறுபடி மாட்டலாம். முன்பக்கம் முழுவதும் முதலை வாய் திறந்தாற்போல் மேலே தூக்கிக்கொள்ளும். உள்ளே எஞ்சினைச் சுற்றி நின்று வேலை செய்யலாம். தலையை நுழைத்துக்கொண்டு அவஸ்தைப்பட வேண்டியதில்லை.

1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் இதைத் தயாரித்தார்கள். முதலில் இரண்டே கதவு. பின் சீட்டுக்குப் போக வேண்டுமானால் முன் சீட்டைக் கவிழ்த்து, புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உள்ளே புகுந்தாக வேண்டும்! பிற்பாடு வந்த மூன்றாம் மாடலில் நாலு கதவு வைத்தார்கள். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவைத் தவிர வேறு எங்கும் தயாரானதில்லை. அந்த யோசனைக்குப் பின்னால் யாரோ ஒரு குடும்பஸ்திரீ இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

"இது என்ன, சாதாரணக் குடும்பக் கார்தானே?" என்று கேட்பீர்கள். வாஸ்தவந்தான். ஆனால் இதற்கு ஓர் அருமையான தங்கை உண்டு. ஹெரால்டின் இரும்புச் சட்டத்தையே கொஞ்சம் குட்டையாக்கி, கூரையை எடுத்துவிட்டு, இரண்டு சீட்டு மட்டும் வைத்து 1962-இல் 'ஸ்பிட்பயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். 1980 வரை அது தயாரானது. முன் சக்கர அமைப்பு, எஞ்சின் வமிசம், கியர் பெட்டி எல்லாம் அக்காவுடையதுதான். ஸ்பிட்பயருக்கு இன்றும் உலகமெங்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அதனால் அதற்கு உதிரி சாமான்கள் இங்கிலாந்தில் இன்னும் புதிதாகவே தயாராகின்றன. அவற்றில் பல நம் ஹெரால்டுக்கும் பொருந்தும். சென்னை புதுப்பேட்டையில் அலைந்து கிடைக்காத சாமான், தங்கையின் தயவால் தபாலில் வந்து சேரும்!

மதுரைக்காரர்களுக்கு மோட்டார் புதிய சமாசாரம் இல்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் இங்கே பஸ் விட ஆரம்பித்தது 1912-இல். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வண்டிகள் திண்டாடியபோது, கரியை எரித்து அதன் வாயுவால் ஓட்டும் சாதனத்தை டி.வி.எஸ். தயாரித்துக் கொடுத்தது. இந்த ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் கைதேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இன்னொரு சௌகரியமும் உண்டு. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இரும்பை அரித்துத் தின்னும். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. வெயில்தான் நம் சத்துரு. ரப்பர் எல்லாம் காய்ந்து அப்பளமாக நொறுங்கும். பாட்டரித் தண்ணீர் வற்றும். சீட் ரெக்ஸின் வெடிக்கும். போதாக்குறைக்கு எலி. சீட்டுக்குள் பஞ்சைப் பிடுங்கிக் குடித்தனம் நடத்தும். ஒயரைக் கடித்து வைக்கும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? பையன்களை விட்டால் முதலில் பெயிண்ட் அடிக்கத்தான் ஓடுவார்கள். அதற்கு அடுத்தபடி, சாவியைப் போட்டு எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் இடம் கொடாதீர்கள். கார் ஓடுவதற்கு முன்னால் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஹெரால்டில் நாலு சக்கரத்துப் பிரேக்குக்கும் எண்ணெய் ஒரே குழாய் வழியில் போகிறது. ஓர் இடத்தில் கசிந்தாலும் மிதி கட்டை தரையைத் தொடும். நாலு சக்கரமும் கைவிட்டுவிடும். அப்புறம் கை பிரேக் ஒன்றுதான் துணை. ஆகவே பிரேக்கில் உள்ள ரப்பர் வாஷர்கள், ரப்பர் குழாய்கள் அத்தனையையும் 'பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது' என்று சொல்லாமல் மாற்றியே ஆகவேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லுங்கள். பெயிண்டில் பட்டால் பெயிண்டை உரித்துவிடும், ஜாக்கிரதை.

பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியை வாயால் ஊதுவதும், துடைப்பத்தால் பெருக்குவதும் கூடவே கூடாது, நுரையீரலுக்கு எமன். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியையே எறிந்துவிட வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கவும் கூடாது. இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகுதான் படுக்க வேண்டும். 'ஐந்தே நிமிஷம்மா' என்று கெஞ்சுவான். மசியாதீர்கள்!

இனி நான் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. காபியைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். ஹெரால்டின் முன் சக்கரம் ஒவ்வொன்றையும் ஓர் இரும்புத் தண்டு தாங்குகிறது. அதன் அடி நுனியில் மரை வெட்டி, வெண்கலக் கூடு ஒன்றில் திருகியிருக்கிறார்கள். 'ட்ரன்னியன்' என்பது அந்தக் கூட்டின் பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள் சுழலுகிறது. அதற்கு வேண்டியது கெட்டியான கியர் எண்ணெய். 90 நம்பர் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். நம் மெக்கானிக்குகளுக்கோ, துவாரம் கண்ட இடத்திலெல்லாம் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்துவது கைப்பழக்கம். கிரீஸ் மரையின் அடிவரை போகாது. நாளாவட்டத்தில் இறுகி, எண்ணெய் போகும் வழியையும் அடைத்துவிடும். தண்ணீர் உள்ளே தங்கும், துரு பிடிக்கும், ஒரு நாள் தண்டு படக்கென்று ஒடியும். சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து மடங்கிவிடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்லத் திருப்பும்போது ஒடிந்தால் பிழைத்தோம். நாற்கரச் சாலையில் திருமங்கலத்தைத் தாண்டி வேகமாகப் போகும்போது ஒடிந்தால்...? வேண்டாம், நினைக்கவே வேண்டாம்.

ஸ்பிட்பயருக்கும் இதே அமைப்புத்தான், இதே அபாயந்தான். ஆகவே, வெகு நாள் கிடந்த வண்டியானால் இரண்டு பக்கத்துத் தண்டுகளையும் கழற்றி, சுத்தம் செய்து, மரையில் துரு அரித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் புதிதே போடுங்கள். அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறையாவது, மழைக்கு முன்னால், எண்ணெய் ஏற்றவேண்டும். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடும்போது ஒரு சீட்டில், 'கிரீஸ் வேண்டாம், கியர் ஆயில்' என்று எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிடுவது நல்லது. மெக்கானிக் அண்ணாச்சி முதலில் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எஞ்சின் விஷயம் இவ்வளவு பயங்கரம் இல்லை. வருஷக் கணக்கில் தூங்கியதைத் தடாலென்று எழுப்பாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, சில நாள் ஊறவிட்டு, பிறகு கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய பெட்ரோலையும் எஞ்சின் ஆயிலையும் முழுக்க வடித்துவிட வேண்டும். ரேடியேட்டருக்கு நம் ஊர் உப்புத் தண்ணீர் ஆகாது. வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். வாலைத் தண்ணீரும் கூலண்டும் கலந்து விடச் சொல்லுங்கள். பாட்டரி மாட்டும்போது ஒரு கவனம்: அந்தக் கால ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் கூட்டல் முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். இப்போதைய வழக்கப்படி மாற்றி மாட்டினால் புகைந்துவிடும்.

பெட்ரோலும் அந்தக் காலத்துப் பெட்ரோல் அல்ல. ஈயம் கலந்தது 2000-த்தோடு நின்றது. 2025-க்குள் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் சேர்ந்துவிட்டது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும். எத்தனால் தாங்கும் புதுக் குழாய்களை ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். டாங்கியில் பெட்ரோலை மாதக் கணக்கில் தேங்க விடாதீர்கள்.

இந்த வேலையில் உங்கள் கைக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. கழற்றுகிற ஆண்பிள்ளைகள் போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டுவார்கள். ஆறு மாதம் கழித்து எது எதற்கென்று விழிப்பார்கள். மிளகாய், மல்லி, மஞ்சள் என்று தனித்தனி டப்பாவில் போட்டுப் பேர் ஒட்டுகிற உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? கழற்றுமுன் போனில் ஒரு படம், கழற்றியதும் ஒரு பை, பைக்கு ஒரு சீட்டு. கணக்கு நோட்டும் உங்களிடமே இருக்கட்டும். இந்த மாதம் பிரேக், அடுத்த மாதம் டயர் என்று பிரித்துச் செய்தால் சம்பளத்தில் துண்டு விழாது. டயரில் பூ தேயாமல் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் உள்ள நாலு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நாலு எண்கள் இல்லாவிட்டால் அது போன நூற்றாண்டு டயர்!

பெயிண்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தரைத் தகடு, கதவின் அடி, இரும்புச் சட்டத்தின் ஓரக் கைகள் இவற்றில் துருவைத் தேடி வெல்டிங் முடியவேண்டும். ஆடியில் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். அம்மி பறக்கும் காற்றில் புழுதி சும்மா இருக்குமா? தை, மாசி உத்தமம். பளபளப்பு வந்த பிறகு குத்துவிளக்குத் துலக்குவதுபோல் பம்பரைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், முலாம் போய்விடும். இளஞ்சோப்புத் தண்ணீரும் நைந்த பருத்திப் புடவையும் போதும். ஆயுத பூஜைச் சந்தனம் குங்குமத்தை அன்று மாலையே துடைத்துவிடுங்கள். மூடி வைக்கப் பிளாஸ்டிக் தார்ப்பாய் ஆகாது, உள்ளே வியர்க்கும். பருத்தித் துணியே நல்லது.

காகிதங்களை மறந்துவிடாதீர்கள். ஆர்.சி. புஸ்தகம் மாமனார் பேரிலேயே இருக்கிறதா? வாரிசு பேருக்கு மாற்ற 31-ஆம் நம்பர் பாரம் இருக்கிறது. 50 வயது தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்தது. 'வின்டேஜ்' என்று புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்று தனி எழுத்து. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாமே தவிர, தினசரி உபயோகத்துக்கு எடுக்க முடியாது. வாரா வாரம் கோயிலுக்குப் போக ஆசையிருந்தால், சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்வதுதான் என் யோசனை.

முதல் சவாரிக்கு அழகர்கோயில் சாலை போதும். கொடைக்கானல் இப்போது வேண்டாம். ஹெரால்டின் பின் சக்கரங்கள் கூர்மையான வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் உள்பக்கம் மடங்கப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கப் பழக வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். அரைமணி நேரமாவது ஓடினால்தான் சைலன்சரில் தேங்கிய ஈரம் காயும். நடுவழியில் சூட்டினால் பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் நின்றுபோனால் பதறாதீர்கள். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றிவிட்டுக் கால் மணி காத்திருங்கள், கிளம்பிவிடும். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்கக் கூடாது. டிக்கியில் இரண்டு பாட்டில் தண்ணீர், பழைய துணி, ஒரு பிளாஸ்க் காபி. அந்தக் காபி வண்டிக்கு இல்லை, உங்களுக்கு!