காது மந்தமானவருக்கு எந்தப் போன்?

"சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை." காது மந்தமான முதியவர்கள் போனைப் பற்றிப் பெரும்பாலும் சொல்லும் குறை இதுதான். உடனே வீட்டார் குரலை உயர்த்துகிறார்கள். ஒலி அதிகமுள்ள போனைத் தேடிக் கடைக்குப் போகிறார்கள். அவர்கள் தேட வேண்டியது தெளிவை.

உள்காதின் நத்தைச்சுருளில் ஒலியை உணரும் மயிரணுக்கள் இருக்கின்றன. வயதாகும்போது அவற்றில் உயர்ந்த அதிர்வெண்களைப் பிடிப்பவைதான் முதலில் பழுதாகின்றன. அழிந்தவை திரும்ப முளைப்பதில்லை. உயிரொலிகளின் வலு தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை பிழைத்துக்கொள்கின்றன. வல்லின மெய்கள் நழுவிவிடும். 'காசு', 'காது', 'காடு' மூன்றும் ஒன்றாகவே காதில் விழும். பலருக்கு மெல்லிய ஒலி எட்டாது, சற்றே உரத்த ஒலியோ குத்தும். கத்திப் பேசுவது அவர்களுக்கு வேதனைதான்.

பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. 'ஸ்' போன்ற ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. 4ஜி வழியே குரலை அனுப்பும் வோல்ட்இ வசதியில் இந்த எல்லை 7,000 ஹெர்ட்ஸ் வரை விரிய முடியும். சாதாரண பட்டன் போன்களிலும் இது வந்துவிட்டது. ஆனால் இரு முனைகளிலும் இருந்தால்தான் பயன்; அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கும் மகன் தன் போனையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செவித்துணைக் கருவி அணிபவர் போனின் விலையைக் கேட்குமுன் கருவியின் மாடலைக் கேட்க வேண்டும். புளூடூத் வழியே பேச்சை நேரே கருவிக்கு அனுப்பும் முறை பெரும்பாலும் ஐபோனுக்கு ஒன்று, ஆண்ட்ராய்டுக்கு வேறு. எல்லா ஆண்ட்ராய்டு போனும் எல்லாக் கருவியோடும் சேராது. சில கருவிகளில் 'டி' நிலை உண்டு. அதிலுள்ள சிறு கம்பிச்சுருள், போன் எழுப்பும் காந்தப்புலத்தைப் பிடித்து ஒலியாக்கும். அறை இரைச்சல் உள்ளே நுழையாது, கருவி விசிலடிப்பதும் நிற்கும். இதற்கு ஏற்ற போனா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மணியோசை கீச்சென்று இருக்கக் கூடாது. தாழ்ந்த சுருதியில், அதிர்வோடும் ஒளிமின்னலோடும் அமைத்துவிடலாம். 2019இல் கூகுள் வெளியிட்ட 'லைவ் டிரான்ஸ்கிரைப்' செயலி தமிழ்ப் பேச்சையும் எழுத்தாக்கித் திரையில் காட்டும். அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் இன்னொரு போனில் இதை ஓடவிடலாம்.

வாங்குமுன், முதியவரே கருவியை அணிந்து கடைக்கு வந்து ஓர் அழைப்பில் பேசிப் பார்க்க வேண்டும். "சாப்டீங்களா?" போன்ற கேள்விகளை ஊகத்திலேயே புரிந்துகொள்ளலாம் என்பதால் அவை போதாது. மறுமுனையில் இருப்பவர் மருந்துப் பெயர்களையும் பஸ் நம்பர்களையும் சொல்லட்டும். பெரியவர் அவற்றைத் திருப்பிச் சொல்லட்டும்.